கிறிஸ்துமஸ் நாளில் புறப்பட்ட கப்பல்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் சபையில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பயணப் பேச்சுதான் காதில் விழும். சென்னைக்குப் போகிறவர்கள், மோல்மீனில் அக்காள் வீட்டுக்குப் போகிறவர்கள், வெளிநாட்டிலிருந்து வரப்போகும் பிள்ளைக்காக அறையை ஒழித்து வைக்கிறவர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பயணம் இருக்கும். பண்டிகைக்கு எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்ற ஆசை நமக்கு இருக்கிறது. அது நியாயமான ஆசைதான்.

இதே ஊரில் இருநூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு ஆசிரியத் தம்பதியரின் டிசம்பர் மாதங்களைப் பற்றி இந்த மலரில் எழுதலாம் என்று தோன்றிற்று. அவர்கள் அதோனிராம் ஜட்சன் ஐயரும் அவர் மனைவி ஆன் அம்மையாரும். ஜட்சன் என்றதும் பர்மிய வேதாகமம் நம் நினைவுக்கு வரும். அடுத்தது ஆவா சிறைச்சாலையும், மொழிபெயர்ப்பு ஏடுகளை உள்ளே வைத்துத் தைத்த அந்தத் தலையணையும். தலையணைக் கதையை ஞாயிறு பள்ளியில் சொல்லாத ஆசிரியர் இல்லை. ஆகையால் அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. அதற்கு ஆறேழு வருடம் முன்னே இந்த ரங்கூனில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதில் நம் சென்னைப் பட்டணத்துக்கும் ஒரு பங்கு உண்டு. வழக்கமாக ஐயர் பெயர் முன்னும் அம்மையார் பெயர் பின்னும் வரும். இந்தக் கதையில் அம்மையார் முன்னே நிற்கட்டும்.

இருவரும் ஆசிரியர்கள் என்று சொன்னேன் அல்லவா? ஆன் ஹாசெல்டைன் 1789 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராட்ஃபோர்டு என்ற ஊரில் பிறந்தார். இளம் பெண்ணாக இருந்தபோதே அக்கம்பக்கத்து ஊர்களில் பள்ளிப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஜட்சன் அவரைவிட ஒன்றேகால் வயது மூத்தவர். கல்லூரிப் படிப்பு முடிந்ததும் பிளிமத் என்ற ஊரில் சொந்தமாக ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். தம் மாணவர்களுக்காக ஆங்கில இலக்கணம் ஒன்றும், பெண்பிள்ளைகளுக்கான கணக்குப் புத்தகம் ஒன்றும் எழுதி 1808இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்கவில்லை என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

1812 பிப்ரவரி 5 அன்று அவர்களுக்குத் திருமணம் நடந்தது. இரண்டு வாரத்தில் கப்பல் ஏறிவிட்டார்கள். ஜூன் மாதத்தில் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். அங்கே தங்க ஆங்கிலக் கம்பெனி அரசு விடவில்லை. மொரீசியஸ் தீவுக்குப் போனார்கள். திருமணத்துக்குப் பின் வந்த முதல் கிறிஸ்துமஸ் நடுக்கடலில் கழிந்தது. அங்கிருந்து 1813 ஜூன் மாதத் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தார்கள். சென்னையிலும் கம்பெனி ஆட்சிதான். பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் இருந்தது. புறப்படத் தயாராக இருந்த கப்பல் ஒன்றே ஒன்று. அது ஜார்ஜியானா என்ற பழைய கப்பல். போகும் இடம் ரங்கூன். இவர்கள் பர்மாவை நன்றாக ஆராய்ந்து தேர்ந்தெடுத்து வந்தார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் சென்னைத் துறையில் அந்த வாரம் வேறு கப்பல் இல்லை!

ஜூன் 22 அன்று சென்னையை விட்டார்கள். அம்மையாருக்கு அது பிரசவ காலம். துணைக்கு அமர்த்திய தாதி கப்பல் புறப்படும் வேளையில் மேல்தளத்திலேயே விழுந்து இறந்துபோனாள். மருத்துவர் இல்லை, வேறு பெண்துணையும் இல்லை. கணவர் ஒருவரே பக்கத்தில் இருக்க, குழந்தை இறந்தே பிறந்தது. அதைக் கடலில் விட்டுவிட்டு ஜூலை 13 அன்று ரங்கூன் ஆற்றில் வந்து சேர்ந்தார்கள். அம்மையாரால் நடக்க முடியவில்லை. ஒரு நாற்காலியில் மூங்கில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். வழியில் நிழலில் இறக்கி வைத்தபோது ஊர்ப்பெண்கள் கூட்டமாக வந்து குனிந்து முகத்தைப் பார்த்தார்கள். அம்மையார் சிரித்தார், அவர்களும் சிரித்துவிட்டார்கள். பர்மாப் பெண்களுக்கும் ஆன் அம்மையாருக்கும் முதல் அறிமுகம் இதுதான்.

அப்போதைய ரங்கூனை நீங்கள் இன்றைய யாங்கோனோடு ஒப்பிடக்கூடாது. ஆற்றங்கரையில் தேக்குமரக் கழிகளை நட்டு வேலி அடைத்த ஒரு சிறு துறைமுகப் பட்டணம் அது. மிஷன் வீடு அந்த வேலிக்கு வெளியே அரை மைல் தூரத்தில் இருந்தது. தேக்கில் கட்டிய பெரிய வீடு, உள்வேலை முடியாதது. சுற்றிலும் பழமரங்கள். பக்கத்திலேதான் குற்றவாளிகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றும் இடமும், ஊர்க் குப்பை கொட்டும் இடமும் இருந்தன.

பாடம் சொல்லிக் கொடுத்த இருவரும் அந்த வீட்டில் மாணவர்களாக உட்கார்ந்தார்கள். அகராதி இல்லை. இலக்கணப் புத்தகம் இல்லை. வந்த ஆசிரியர் நம் இந்தியாவைச் சேர்ந்த ஒரு இந்து பண்டிதர். அவருக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தையும் தெரியாது. ஒரு பொருளைக் கையால் காட்டுவார்கள். அவர் பர்மியப் பெயரைச் சொல்வார். பெண்ணுக்குப் பாடம் சொல்வது தமக்குத் தகாது என்று முதலில் அவர் அம்மையாரைக் கவனிக்கவே இல்லை. அம்மையார் கோபித்துக்கொள்ளவில்லை, எழுந்து போகவும் இல்லை. தினமும் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் பண்டிதர் இருவருக்கும் சரிசமமாகச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். எழுத்தின் கட்டமைப்பில் ஐயர் முந்தினார். பேச்சில் அம்மையார்தான் முந்தினார். கடைத்தெருவும் சமையற்கட்டும் வேலைக்காரர்களும் அவர் பொறுப்பில் இருந்தபடியால் பேச்சு தானாக வந்துவிட்டது. புதிய மொழி படித்த நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு இது புதிதல்ல.

1815 செப்டம்பரில் ஒரு மகன் பிறந்தான். ரோஜர் என்று பெயரிட்டார்கள். எட்டு மாதம்கூட நிறைவதற்குள் 1816 மே 4 அன்று காய்ச்சலில் இறந்தான். அந்த வீட்டுத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் செராம்பூர் மிஷனரிகள் அன்பளித்த அச்சு இயந்திரத்தோடு ஹஃப் என்ற அச்சுத்தொழில் தெரிந்த ஊழியர் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். ஜட்சன் எழுதிய கைப்பிரதி ஒன்று ஆயிரம் பிரதியும், அம்மையார் பர்மிய மொழியில் எழுதிய வினாவிடை மூவாயிரம் பிரதியும் அச்சாயின. மத்தேயு சுவிசேஷமும் 1817இல் அச்சேறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பது பெண்கள் வரை அம்மையாரிடம் வந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

ஆனாலும் நாலரை வருடத்தில் ஞானஸ்நானம் பெற்றவர் ஒருவரும் இல்லை. கேட்பவர்கள் உண்டு, தலையாட்டுகிறவர்களும் உண்டு. அந்த மொழியில் பிறந்து வளர்ந்த ஒரு கிறிஸ்தவன் பக்கத்தில் நின்று பேசினால் எப்படி இருக்கும் என்று ஐயர் யோசித்தார். சிட்டகாங்கில் அரக்கான் மக்களுக்குள் சிலர் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். அவர்கள் பேச்சு பர்மியப் பேச்சுக்கு நெருங்கியது. அவர்களில் ஒருவரை அழைத்துவரலாம். அளவுக்கு மீறிய படிப்பால் ஐயருக்குத் தலைநோயும் கண்நோயும் வந்திருந்தன, கடற்காற்றும் உதவும். ரங்கூனிலிருந்து நேராகச் சிட்டகாங் போகும் கப்பல் கிடைப்பது அபூர்வம். அப்படி ஒன்று கிடைத்தது. போக பத்துப் பன்னிரண்டு நாள். மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். அம்மையாரும் சம்மதித்தார்.

கப்பல் புறப்பட்ட நாள் 1817 டிசம்பர் 25.

பண்டிகை நாளில் மனைவியை விட்டுப் போவார்களா என்று பிள்ளைகள் கேட்பீர்கள். இவர்கள் வளர்ந்த நியூ இங்கிலாந்துச் சபைகளில் அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாடும் வழக்கம் இல்லை. மற்ற நாளைப்போல அதுவும் ஒரு வேலை நாள். மாசசூசெட்ஸில் அது சட்டப்படி விடுமுறையானதே 1856இல்தான். ஆகவே அவர்களுக்கு அது பெரிய காரியமாகத் தோன்றியிராது. நமக்குத்தான் அந்தத் தேதியைப் பார்க்கும்போது மனம் ஒரு மாதிரி ஆகிறது. மூன்று நாளுக்கு முன்தான் அம்மையாருக்கு இருபத்தெட்டு வயது நிறைந்திருந்தது.

ஜனவரி போயிற்று. பிப்ரவரியும் போயிற்று. மார்ச் மாதம் சிட்டகாங்கிலிருந்து ஒரு நாட்டுப்படகு வந்தது. அம்மையார் ஆள் அனுப்பி விசாரித்தார். அப்படி ஒரு கப்பல் சிட்டகாங்குக்கு வரவே இல்லை என்று படகுக்காரர்கள் சொன்னார்கள். வங்காளத்திலிருந்து வந்த கடிதங்களும் அதையே சொல்லின. பன்னிரண்டு நாள் பயணம் மூன்று மாதமாகியும் முடியவில்லை என்றால் கப்பலுக்கு என்ன ஆயிற்று? தந்தி இல்லை, தொலைபேசி இல்லை. கடல் ஒன்றும் சொல்லாது.

அதே நாட்களில் ஹஃப் அவர்களை நீதிமன்றத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். வெளிநாட்டுப் போதகர்களை நாடு கடத்த அரசாணை வந்திருப்பதாகச் சொல்லி, நாள்தோறும் உட்கார வைத்து விசாரித்தார்கள். உண்மையைச் சொல்லாவிட்டால் அவர் இரத்தத்தைக் கொண்டே வாக்குமூலத்தை எழுதுவோம் என்று மிரட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. ஹஃப் அவர்களுக்குப் பர்மிய மொழி சரியாக வராது. ஜட்சன் இல்லை. எஞ்சியிருந்தது அம்மையார் ஒருவர்தான். அவர் தம் பர்மிய ஆசிரியரை வைத்து ஒரு விண்ணப்பம் எழுதினார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆளுநரின் மாளிகைக்கே போனார். முந்தின ஆளுநரின் மனைவி அவருக்குப் பழக்கம். ஆனால் இப்போது இருந்தவர் புதியவர், மனைவி உடன் வரவில்லை. பெண் ஒருத்தி போய் நிற்கும் இடமல்ல அது. ஆளுநர் கூட்டத்துக்குள் அவரைக் கண்டு முன்னே அழைத்தார், விண்ணப்பத்தை வாசிக்கச் செய்தார், ஹஃப் அவர்களை இனித் தொந்தரவு செய்யக்கூடாது என்று உத்தரவிட்டார். அரசாணை வேறு போதகர்களைப் பற்றியது என்றும், கீழ் அதிகாரிகள் பணம் பறிக்கவே இவரைப் பிடித்து வைத்தார்கள் என்றும் பிறகு தெரிந்தது. சிரித்த முகத்தோடு நாற்காலியில் இறங்கிய அந்தப் பெண் ஐந்து வருடத்தில் கற்ற பேச்சு ஒரு மனிதனை மீட்டது.

இது முடிந்ததும் வாந்திபேதி வந்தது. அதற்கு முந்தின வருடம் வங்காளத்தில் கிளம்பிய அந்தக் கொள்ளைநோய் கப்பல் வழியாகவும் கரை வழியாகவும் ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. ரங்கூன் அதுவரை அதைக் கண்டதில்லை. வெயில் உச்சத்தில் இருந்த காலம். சாவு மேளம் காலையிலிருந்து இரவுவரை கேட்டுக்கொண்டே இருந்தது. நோயைக் கொண்டுவந்த ஆவிகளைத் துரத்த மக்கள் தடி எடுத்து வீட்டுச் சுவர்களை அடித்து ஓசை எழுப்பினார்கள். மழை தொடங்கியும் சாவு நிற்கவில்லை. இதோடு இங்கிலாந்துக்கும் பர்மாவுக்கும் யுத்தம் வரப்போகிறது என்று ஒரு வதந்தி. துறையில் நின்ற கப்பல்கள் ஒவ்வொன்றாக அவசரமாகக் கிளம்பின. புதிதாக ஒன்றும் வரவில்லை. கடைசியில் ஒரே கப்பல் மிஞ்சிற்று.

இத்தனைக்கும் நடுவில் அம்மையார் என்ன செய்துகொண்டிருந்தார்? பாடம் படித்துக்கொண்டிருந்தார்! ரங்கூனில் அப்போது சயாம் தேசத்து மக்கள் பலர் இருந்தார்கள். அவர்களோடு பேச யாருக்கும் மொழி தெரியாது. ஆகவே ஒன்றரை வருடமாகவே அம்மையார் சயாம் மொழி படித்து வந்தார். ஆசிரியரின் உதவியோடு வினாவிடையையும் ஒரு கைப்பிரதியையும் மத்தேயு சுவிசேஷத்தையும் அந்த மொழியில் பெயர்த்து முடித்திருந்தார். கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாத 1818 ஏப்ரல் மாதக் கடைசியில், அந்த வினாவிடையைத் தம் கையாலேயே பிரதி எடுத்து முடித்தார். மறு வருடம் செராம்பூரில் அது அச்சானது. சயாம் மொழியில் அச்சேறிய முதல் நூல் அதுவே என்று சொல்லுகிறார்கள். ஞாயிறு பெண்கள் கூட்டமும் நின்றுபோகவில்லை. கவலையை மறக்க ஒரு வேலை என்று இதைச் சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆசிரியை பள்ளிக்கு வருவதுபோல அவர் வந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

ஹஃப் வங்காளம் போய்விடத் தீர்மானித்தார். அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவருக்குக் குழந்தைகள் இருந்தார்கள். அம்மையாரையும் வரச்சொல்லி வற்புறுத்தினார். ஒரு பெண் தனியாக, யுத்தம் வரப்போகும் ஊரில், கொள்ளைநோயின் நடுவில் இருப்பது எப்படி? இருந்த கப்பலும் போய்விட்டால் பிறகு வழியே இல்லை. அம்மையார் விருப்பமில்லாமல் சம்மதித்தார். 1818 ஜூலை 5 அன்று எல்லோரும் கப்பல் ஏறினார்கள். கப்பல் ஆற்றோடு இறங்கிற்று.

கடலைத் தொடுமுன் கப்பலில் பழுது தெரிந்தது. சில நாள் நின்று சரிசெய்ய வேண்டும் என்றார்கள். அந்தச் சில நாளில் அம்மையாரின் மனம் ஒரு நிலைக்கு வந்துவிட்டது. கணவர் உயிரோடு இருந்தால் திரும்பி வருவது ரங்கூனுக்குத்தான். வந்து பார்க்கும்போது வீடு பூட்டிக் கிடந்தால்? உயிரோடு இல்லையென்றாலும், தொடங்கிய வேலை அந்த வீட்டில்தான் இருக்கிறது. பெட்டிகளை இறக்கச் சொன்னார். ஒரு படகு பிடித்து ஆற்றில் எதிர்த்து ஏறி, அந்தப் பெரிய தேக்கு வீட்டுக்குத் தனியாகத் திரும்பி வந்தார். மறுபடியும் ஆசிரியரை வரவழைத்துப் பாடத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் சென்னையிலிருந்து வந்த ஒரு கப்பல் ரங்கூன் ஆற்று முகத்தில் நங்கூரம் போட்டது. வழிகாட்டும் மாலுமி கப்பலில் ஏறினான். அந்தக் கப்பலில் இருந்த ஒரு பயணியிடம், மிஷன் கலைந்துபோயிற்று, ஹஃப் குடும்பமும் ஜட்சனின் மனைவியும் வங்காளத்துக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள் என்றான். கேட்டுக்கொண்டிருந்த பயணி ஜட்சன் ஐயர்தான். ஏழு மாதத்துக்குப் பிறகு திரும்புகிறவருக்கு ஆற்று வாயிலில் கிடைத்த முதல் செய்தி அது. மீதிச் செய்தி பிறகுதான் வந்தது: அந்த அம்மாள் மட்டும் கப்பலை விட்டு இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

ஏழு மாதம் அவர் எங்கே இருந்தார்? காற்று ஒத்துழைக்காமல் கப்பல் வங்கக் கடலில் அலைந்தது. ஒரு மாதம் முயன்றபின் மாலுமிகள் சிட்டகாங்கைக் கைவிட்டுச் சென்னைப் பக்கம் திருப்பினார்கள். அதையும் எட்ட முடியவில்லை. உணவு தீர்ந்து, எதிர்ப்பட்ட படகுகளில் வாங்கிய கெட்டுப்போன அரிசியும் தண்ணீருமே மிஞ்சியது. ஐயர் காய்ச்சலில் படுத்த படுக்கையானார். மார்ச் 18 அன்று ஆந்திரக் கரையில் மசூலிப்பட்டணத்தில் கரை சேர்ந்தபோது அவரால் நிற்க முடியவில்லை. சாவதற்கு ஒரு இடம் தருமாறு கரையில் இருக்கும் ஆங்கிலேயர் யாருக்காவது பென்சிலால் ஒரு சீட்டு எழுதி அனுப்பினாராம். அவர்கள் வந்து தூக்கிக்கொண்டு போய்ப் பராமரித்தார்கள். கொஞ்சம் தேறியதும், ரங்கூனுக்குச் சென்னையில்தான் கப்பல் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, பல்லக்கில் முந்நூறு மைல் பயணம் செய்து ஏப்ரல் 8 அன்று சென்னை சேர்ந்தார். அங்கே கப்பல் இல்லை. ஜூலை 20 வரை காத்திருந்தார்.

அந்தக் காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நிற்கும். நம் மீனவர்கள் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலையைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கொண்டுபோவார்கள். நூறு வருடத்துக்கு முன்னமே தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ் புதிய ஏற்பாட்டை அச்சிட்டிருந்தார். சென்னை வேப்பேரியில் ஃபெப்ரீசியஸ் மொழிபெயர்த்த தமிழ் வேதாகமம் சபைகளில் வழங்கிவந்தது. சொந்த மொழியில் வேதம் இருக்கிற மக்களின் நகரத்தில், அது இன்னும் கிடைக்காத மக்களின் மொழிபெயர்ப்பாளர் மூன்று மாதத்துக்குமேல் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடிதம் போட்டாலும் அதைக் கொண்டுபோக அதே கப்பல்தான் வேண்டும்.

சிட்டகாங்கிலிருந்து அழைத்துவர நினைத்த ஊழியக்காரர் கடைசிவரை வரவில்லை. போன காரியம் முழுத்தோல்வி. ஆனால் வீடு திறந்திருந்தது. ஆசிரியர் வந்து போய்க்கொண்டிருந்தார். பெண்கள் கூட்டம் கலையவில்லை. மறு வருடம் 1819 ஏப்ரலில் ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போகும் சாலையோரத்தில் பர்மியர் கட்டும் மாதிரியிலேயே ஒரு சயாட், நம் பாஷையில் ஒரு சாவடி, கட்டினார்கள். வழியில் போகிறவர்கள் ஏறி உட்கார்ந்து பேசலாம். ஐயர் முன்பக்கம் உட்கார்ந்தார். பெண்கள் பக்கத்தில் அம்மையார் உட்கார்ந்தார். அங்கே வந்த மௌங் நௌ என்ற எளிய மனிதர் 1819 ஜூன் 27 அன்று ஒரு குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். பர்மியரில் முதல்வர் அவர்.

பிற்கால டிசம்பர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1819 டிசம்பர் 21 அன்று ஐயர் மன்னரைப் பார்க்க ஐராவதியில் படகில் கிளம்பினார். அம்மையார் மறுபடியும் ரங்கூனில் இருந்தார். 1822 டிசம்பரில் அம்மையார் நோயோடு அமெரிக்காவில் இருந்தார். ஐயர் ஆவாவில் இருந்தார். நடுவில் பூமியின் பாதி. 1823 டிசம்பர் 5 அன்று அம்மையார் ரங்கூனில் வந்து இறங்கினார். இரண்டு வருடத்துக்கு மேல் பிரிந்திருந்தவர்கள் எட்டே நாளில், 13ஆம் தேதி, ஒரு சிறு படகில் ஆவாவுக்குப் புறப்பட்டார்கள். பயணம் ஆறு வாரம். அந்த வருடம் அம்மையாரின் பிறந்த நாளும் கிறிஸ்துமஸும் ஐராவதியின்மேல் வந்தன. இருவரும் ஒரே படகில் இருந்தார்கள். சில இடங்களில் படகு ஆற்று வளைவைச் சுற்றி வருவதற்குள் இருவரும் கரையில் இறங்கிக் கிராமங்களின் வழியே நடந்துபோய் மறுபக்கத்தில் ஏறிக்கொள்வார்கள். அந்த ஆறு வாரம்தான் அவர்களுக்குக் கிடைத்த விடுமுறை என்று நான் நினைத்துக்கொள்வேன். ஆவா சேர்ந்ததும் அம்மையார் மூன்று சிறு பெண்களை வைத்துப் பள்ளி தொடங்கினார். சில மாதத்தில் யுத்தம் வந்தது; 1824 ஜூனில் ஐயர் சிறைக்குப் போனார்; மீதி உங்களுக்குத் தெரியும். 1825 ஜனவரி 26 அன்று, அவர் சிறையில் இருக்கும்போதே, மரியா பிறந்தாள்.

விடுதலைக்குப் பின் 1826இல் குடும்பம் அம்ஹெர்ஸ்டுக்கு, அதாவது இன்றைய சைக்காமிக்கு வந்தது. மனைவியையும் குழந்தையையும் அங்கே விட்டுவிட்டு, ஆங்கிலத் தூதுக்குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராக ஐயர் ஆவாவுக்குப் போக வேண்டியதாயிற்று. அக்டோபர் 24 அன்று அம்மையார் காய்ச்சலில் இறந்தார். அவருக்கு முப்பத்தாறு வயது. செய்தி ஆவாவுக்குப் போய்ச் சேர ஒரு மாதம் ஆயிற்று. கறுப்பு முத்திரையிட்ட கடிதத்தைக் கொடுத்தவர், குழந்தை இறந்துவிட்டதாக வருத்தத்தோடு சொல்லிக் கொடுத்தார். ஐயர் தம் அறைக்குப் போய்ப் பிரித்து வாசித்தார். இறந்தது குழந்தை அல்ல.

டிசம்பரில் தூதுக்குழு ஆவாவை விட்டது. மூன்று வருடத்துக்கு முன் இருவரும் ஏறிப்போன அதே ஆற்றில் அவர் தனியாக இறங்கி வந்தார். 1827 ஜனவரி 24 அன்று அம்ஹெர்ஸ்ட் வந்து சேர்ந்தார். ஒரு ஹோப்பியா மரத்தின் அடியில் சிறு வேலி போட்டுக் கல்லறை இருந்தது. மரியாவுக்கு இன்னும் இரண்டு நாளில் இரண்டு வயது நிறையும். வந்தவர் யார் என்று தெரியாமல் குழந்தை பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.